பிள்ளைகளின் முதல் முகாமுக்குக் கூடாரம் வாங்கலாமா?

தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் இளைஞர் கழகத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 13 முதல் 16 வயது வரையான பிள்ளைகள் 16 பேர், அதில் 7 பேர் பெண் பிள்ளைகள். டிசம்பர் விடுமுறையில் ஹோட்டன் சமவெளியில் ஒரு இரவு முகாம் போட ஆசை. கையில் இருப்பது 40,000 ரூபா. அந்தக் காசுக்கு ஆறு சிறிய கூடாரங்கள் வாங்கலாமா, எந்த வகை நல்லது என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில் "இவர்கள் யாரும் வெளியில் படுத்ததே இல்லை, குளிரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பழக்கமில்லாத பிள்ளைகளை, இவ்வளவு காசில், ஒரு மலைக் குளிர் இரவில் நனையாமலும் நடுங்காமலும் படுக்க வைக்க முடியுமா? முடியும். ஆனால் கூடாரம் வாங்காதீர்கள். டிசம்பரில் ஹோட்டனுக்கும் போகாதீர்கள். முதல் இரவை உங்கள் தோட்டத்து மைதானத்திலேயே போடுங்கள்.

நான் டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் நீண்ட காலமாகச் சாரணர் பிள்ளைகளோடு வேலை செய்பவன். எனக்கு நன்றாகத் தெரிந்தது மேற்குச் சரிவு. ஊவாப் பக்கமும் நக்கிள்ஸ் பக்கமும் போய் வந்திருக்கிறேன், ஆனால் அந்த மண்ணும் காற்றும் அங்கேயே இருப்பவர்களுக்குத்தான் அத்துப்படி. நான் மருத்துவன் இல்லை. உடம்பைப் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் முதலுதவிப் பயிற்சி அளவில்தான். பிள்ளைகளில் ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை உள்ளவர்கள் இருந்தால் முகாமுக்கு முன்பே தோட்ட வைத்திய அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முதலில் குளிர். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 பாகை குறையும். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஹோட்டன் சமவெளி ஏறக்குறைய 2,100 மீட்டரில். ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் இரண்டு இடங்களிலும் புல்லில் உறைபனி படிவதுண்டு. குளிர் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாததல்ல, அவர்கள் வளர்வதே மலைக் குளிரில்தான். தெரியாதது எதுவென்றால், வெறும் நிலத்தில் படுத்தால் குளிர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கட்டிலும் பலகையும் சீமெந்துத் தரையும் இருக்கின்றன, நான்கு சுவர் இருக்கிறது. வெளியில் படுக்கும்போது ஈர மண் இரவு முழுக்க உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே மூன்று போர்வை போட்டாலும் கீழே ஒன்றுமில்லை என்றால் விடியற்காலை இரண்டு மணிக்குப் பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிடும். கூடாரத்தின் தரைத்துணி ஈரத்தைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. ஆறு கூடாரம் வாங்கியும் அழுதுகொண்டே விடிந்த முகாம்கள் இப்படித்தான் நடக்கின்றன.

ஆகவே முதல் வேலை, கீழே போடும் மெத்தை. இதைப் பிள்ளைகளே செய்யலாம், செய்யவும் வேண்டும். பேக்கரிகளில் கோதுமை மா வரும் பெரிய சாக்குகள் கிடைக்கும். ஒரு பிள்ளைக்கு இரண்டு சாக்கு எடுத்து, ஒன்றின் அடிப்பக்கத்தை வெட்டி மற்றதோடு நீளவாக்கில் சேர்த்துத் தைக்க வேண்டும். உள்ளே நன்றாகக் காய்ந்த மானாப் புல்லை அடைக்க வேண்டும். மானாவின் ஓரம் கையை அறுக்கும், அதனால் கைக்கு ஏதாவது சுற்றிக்கொண்டு, முழ நீளத்துக்கு மடித்து மடித்து வைக்கச் சொல்லுங்கள். படுத்தால் நசுங்கிப் பாதியாகிவிடும் என்பதால் தளர்வாக அடைக்கக் கூடாது, ஒரு சாண் உயரம் நிற்கும்வரை திணிக்க வேண்டும். உரச்சாக்கும் ஆகும், ஆனால் உள்ளும் புறமும் பலமுறை கழுவிக் காயவைத்த பிறகுதான். மருந்து அடிக்கும் பொருள்கள் வந்த பை எதையும் தொடவே வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் சரி. மெத்தைக்கு அடியில் ஒரு பொலித்தீன் விரிப்பு. புல்லை ஒரு வாரம் முன்பே அறுத்துக் காயவைக்க வேண்டும். கடைசி நாளில் அறுத்த புல்லில் ஈரம் இருக்கும், அது மெத்தையே இல்லை.

மேலே போர்த்த, ஆளுக்கு இரண்டு கம்பளி போதும், படுக்கைப்பை தேவையில்லை. ஒரு கம்பளியை விரித்து, இரண்டாவதன் ஓரம் முதலாவதன் நடுவில் வருமாறு போட்டு, ஒன்றை மாற்றி ஒன்று மடியுங்கள். உடம்புக்குக் கீழே இரண்டு அடுக்கு, மேலே இரண்டு அடுக்கு வரும். கால் பக்கத்தை அடியில் மடித்து, பக்கவாட்டில் மூன்று நான்கு பெரிய ஊக்குகளைக் குத்தினால் இரவில் எவ்வளவு புரண்டாலும் பிரியாது. சாரணர்கள் நூறு வருடமாகச் செய்வது இதைத்தான். தலைக்குக் கம்பளித் தொப்பி கட்டாயம். படுக்கும்போது போடும் உடுப்பு தனியாக, உலர்ந்ததாக, ஒரு பையில் கட்டி வைத்ததாக இருக்க வேண்டும். பகலில் போட்டிருந்ததோடு படுக்க விடாதீர்கள், அது நனையாத மாதிரித் தெரிந்தாலும் வியர்வை ஊறியிருக்கும். பருத்தி டீசேர்ட்டும் டெனிமும் நனைந்தால் மணிக்கணக்காகக் காயாது. செயற்கை நூல் உடுப்பும் கம்பளியும் ஈரத்திலும் ஓரளவு சூடு தரும். நுவரெலியா பேல் பஜாரில் இந்த மாதிரி மேற்சட்டைகள் பொறுக்கி எடுக்கலாம். போகும்போது உடுப்பின் உள்பக்கச் சீட்டைப் படித்துப் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகளையே தேட விடுங்கள்.

இரண்டாவது, மேலே கூரை. இதற்குக் கூடாரத்தை விட நல்ல தறப்பாள் (தார்ப்பாய்) எனக்குப் பிடிக்கும், மலிவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மலிவான சிறு கூடாரங்களில் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கும். ஒற்றைத் துணிக் கூடாரம் என்றால் மூச்சின் ஈரமே உள்பக்கம் படிந்து சொட்டும். தறப்பாளில் இந்தத் தொல்லை இல்லை, பழுதானால் பிள்ளைகளே சரிசெய்யலாம், அடுத்த முறை வேறு வடிவத்தில் கட்டலாம். கொழுந்து எடுக்கும் அம்மாமார் இடுப்பில் படங்கு என்ற முரட்டு விரிப்பைக் கட்டி, தலையில் கொங்காணி என்ற மழைப் போர்வையைப் போட்டு மழையில் நாள் முழுக்க நிற்கிறார்கள். தண்ணீர் எங்கே இறங்கும், எங்கே மடித்தால் ஒழுகாது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது. ஒரு மாலை அவர்களில் இரண்டு பேரைக் கழகத்துக்கு அழைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

12 அடிக்கு 18 அடி தறப்பாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு மரங்களுக்கிடையே, சுமார் 4 அடி உயரத்தில், தொய்யாமல் ஒரு கயிறு. தறப்பாளின் 18 அடி நீளம் அந்தக் கயிற்றோடு போகுமாறு நடுவில் போட்டு, இரு பக்கமும் இழுத்து முளையடித்தால் அடியில் ஏறக்குறைய 9 அடி அகலம் கிடைக்கும். பிள்ளைகள் குறுக்காகப் படுத்தால் ஆளுக்கு 2 அடி என்று 9 பேர் படுக்கலாம், கால்மாட்டிலும் தலைமாட்டிலும் சாரல் அடிக்காத இடைவெளியும் இருக்கும். உங்கள் கணக்குக்கு ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று, சமையலுக்கும் சாமான்களுக்கும் ஒன்று என மூன்று தறப்பாள்கள். காற்று வரும் பக்கத்தை நிலத்தோடு ஒட்டி இறக்க வேண்டும், மற்றப் பக்கத்தைச் சற்றுத் தூக்கி வைக்கலாம். இரண்டு முனைகளையும் பழைய படங்குகளால் மறைத்துவிடுங்கள்.

தறப்பாள் ஓரத்தில் இருக்கும் உலோக வளையங்களை நம்ப வேண்டாம், முதல் பலத்த காற்றிலேயே பிய்ந்து வரும். முட்டை அளவுள்ள வழுவழுப்பான கூழாங்கல் ஒன்றை, மூலையிலிருந்து ஒரு சாண் உள்ளே, தறப்பாளின் அடிப்பக்கம் வைத்துப் பொத்துங்கள். மேலே குமிழ் மாதிரி எழும்பும். அந்தக் குமிழின் கழுத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினால் போதும். இழுக்க இழுக்க இறுகும், துணியில் ஓட்டையே விழாது, தறப்பாளின் எந்த இடத்திலும் இப்படி ஒரு பிடி வைக்கலாம். அப்புறம், முளையோடு கட்டும் முடிச்சு. கயிற்றை முளையைச் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்து, தறப்பாளிலிருந்து வரும் நீண்ட கயிற்றின்மேல், முளையின் பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு அந்தச் சுற்றுகளைத் தாண்டி, தறப்பாளின் பக்கம் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை அதற்குள்ளேயே விட்டு இழுங்கள். கையால் தள்ளினால் முடிச்சு நகரும், கயிறு இழுத்தால் நகராமல் பிடித்துக்கொள்ளும். இரவில் மழை பெய்து தறப்பாள் தொய்ந்தால், முளையைப் பிடுங்காமல் இதைத் தள்ளியே இறுக்கலாம். வழுக்கும் நைலோன் கயிறு என்றால் முதல் சுற்றுகளை இரண்டுக்குப் பதில் மூன்றாக்குங்கள். முடிச்சுகளில் பிள்ளைகளுக்கு இந்த ஒன்றும், இறுகாத வளையம் போடும் போலைன் முடிச்சும் கண்ணை மூடிக்கொண்டு போட வந்தால் முதல் முகாமுக்குத் தாராளம். இருபது முடிச்சை அட்டையில் ஒட்டி மனப்பாடம் பண்ண வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

காசு விஷயம். மூன்று தறப்பாள், நல்ல கயிறு, வீட்டில் இல்லாதவர்களுக்குக் கம்பளி, நான்கைந்து தலையில் மாட்டும் டோர்ச், பெரிய பானை இரண்டு, முதலுதவிப் பெட்டி. இந்த வரிசையில் வாங்குங்கள். முளைக்கு மூங்கிலோ காய்ந்த சவுக்குக் கிளையோ போதும். மிஞ்சும் காசை அடுத்த வருடத்துக்கு வையுங்கள். என்றாவது கூடாரமே வாங்கத்தான் வேண்டும் என்று வந்தால், மேற்துணி தனியாக நிலம்வரை இறங்கும் இரட்டைத் துணிக் கூடாரமாகப் பாருங்கள். நீர்த்தாங்கும் அளவு (எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தம்வரை துணி ஒழுகாது என்பது) 3,000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது நம் மழைக்கு ஏற்றது. வாங்கியதும் கட்டிவைத்து, ஒரு பீப்பாய்த் தண்ணீரைத் தையல்களின்மேல் மெதுவாக ஊற்றி, உள்ளே பிள்ளையை உட்கார வைத்து எங்கே ஒழுகுகிறது என்று சொல்லச் சொல்லுங்கள்.

இடம் தேர்வதில்தான் நான் மிகவும் கடுமையாக இருப்பேன், இங்கே யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதலில் மேலே பார்க்க வேண்டும். குளவிக் கொட்டுக்கு ஆளானவர்களைப் பற்றிக் கேள்விப்படாத தோட்டம் நம்மிடம் கிடையாது. தோட்டங்களில் குளவி என்று சொல்வதில் பெரும்பாலும் பாறை விளிம்பிலும் உயர்ந்த கிளையிலும் பெரிய அடையாகத் தொங்கும் மலைத்தேனீயும் அடக்கம். புகை, சத்தம், கல்லெறி, பருந்து வந்து கொத்துவது, எதுவும் அதைக் கிளப்பிவிடும். முகாம் நெருப்பின் புகை எந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கத்து மரங்களில் என்ன தொங்குகிறது என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள். கிளம்பிவிட்டால் கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, நிற்காமல் ஓடிக் கட்டடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போக வேண்டும். தேனீ என்றால் கொடுக்கு தோலில் தங்கிவிடும், நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, ஒரே கொட்டுக்கு முகம் வீங்கி மூச்சுத் திணறினாலோ காத்திருக்காமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். யூகலிப்டஸ் மரத்தடியிலும் படுக்கக் கூடாது, காற்றில்லாத இரவிலும் அதன் கிளை முறிந்து விழும்.

அப்புறம் கீழே பார்க்க வேண்டும். ஓடையோரத் தட்டு நிலம் ஆசையைக் கிளப்பும், ஆனால் மேலே மலையில் பெய்யும் மழை அங்கே சொல்லாமல் இறங்கும். செங்குத்தாக வெட்டிய மண்மேட்டின் அடியில், நிலத்தில் வெடிப்பு ஓடிய இடத்தில், மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்த சரிவில், புதிதாகக் கலங்கிய ஊற்றுத் தண்ணீர் வரும் இடத்தில் படுக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியது. இது நம் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்துக்கு முன்னால் தெரிய வேண்டிய விஷயம்.

மண்சரிவை முன்கூட்டி உணர ஒரு கைவேலை சொல்கிறேன், போத்தலில் ஒரு மழைமானி. முகாமுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கலாம். நேரான பக்கங்கள் உள்ள பெரிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் தோள்ப் பகுதியை வெட்டி, தலைகீழாக அதே போத்தலுக்குள் புனலாகச் செருகுங்கள். போத்தலின் அடி மேடுபள்ளமாக இருக்கும், அதனால் கொஞ்சம் சரளைக்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூச்சியம் என்று கோடு போடுங்கள். அங்கிருந்து அடிமட்டத்தை வைத்து மில்லிமீட்டர் கோடுகள். புனலின் வாயும் போத்தலின் உடலும் ஒரே அகலம் என்பதால் கோட்டில் காண்பதே மழையின் அளவு. மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், காற்றில் சாயாமல், இரண்டு முளைகளுக்கிடையே கட்டிவையுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் அளப்பது போலவே தினமும் காலை 8.30க்கு அளந்து, எழுதி, பூச்சியத்துக்கு இறக்க வேண்டும். 75, 100, 150 ஆகிய மூன்று கோடுகளுக்கு மட்டும் வேறு வேறு நிறம் கொடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள இடங்களுக்குச் சொல்லும் அளவுகள் அவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார்நிலை, 150 தாண்டினால் வெளியேற்றம். முகாமுக்கு எனக்கு இதைவிடக் கடுமையான விதி ஒன்று உண்டு. 75ஐத் தொட்டால் அந்த வாரம் முகாம் இல்லை. போத்தல் மழைமானி ஆய்வுக்கருவி அளவுக்குத் துல்லியமாக இருக்காது. திணைக்கள அறிவித்தலைக் கேட்பதற்குப் பதிலாக இதை நம்பக் கூடாது. ஆனால் ஒரு மாதம் அளந்த பிள்ளை மழையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும், முகாம் முடிந்த பிறகும் அந்தப் போத்தல் லயத்து வாசலில் வேலை செய்யும்.

நெருப்பும் சாப்பாடும் உங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. கவ்வாத்து மிலாறை, அதாவது வெட்டிவிட்ட தேயிலைக் கிளை விறகை, பற்றவைக்கத் தெரியாத பிள்ளை லயத்தில் ஏது? ஒரு கட்டு விறகை முன்பே உலர்த்திப் பொலித்தீனில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கிக் கிடக்கும் மிலாறைத் தூக்குமுன் கம்பால் தட்ட வேண்டும், மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறிய விரியனுக்கு அது பிடித்த இடம். கைவேலையாக, பெரிய பால்மா டின்னில் அடுப்புச் செய்யலாம். காற்று வரும் பக்கத்தில் அடியில் ஆணியால் ஓட்டைகள், எதிர்ப்பக்கத்தில் விளிம்புக்குக் கீழே ஓட்டைகள், விறகு தள்ள ஒரு வாய். வெட்டிய விளிம்பைக் குறடால் மடித்துவிடுங்கள். துத்தநாகம் பூசிய வாளி, பெயின்ட் டின் இதற்கு ஆகாது, சூட்டில் கிளம்பும் புகை நச்சு. தறப்பாளின் முனைகளை மூடிய பிறகு உள்ளே அடுப்போ தணலோ இருக்கக் கூடாது, குளிர் எவ்வளவு இருந்தாலும். கண்ணுக்குத் தெரியாத காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) வாயு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். ரொட்டியும் கட்டச் சம்பலும் இரவுக்கு, காலைக்குப் பயறு. படுக்குமுன் எல்லோருக்கும் சீனி கூடப்போட்ட சூடான பிளேன்டி. வயிறு நிறைந்து படுத்த பிள்ளைக்குக் குளிர் குறைவு, இது நிச்சயம். மானாப் புல் காய்ந்து நிற்கும் காலத்தில் புல்வெளியில் திறந்த நெருப்பே வேண்டாம்.

தண்ணீர் பற்றி ஒரு குறிப்பு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். 2,000 மீட்டருக்குக் கீழே ஒரு நிமிடம், அதற்கு மேலே மூன்று நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். ஆனால் தேயிலைக்கு அடித்த மருந்து கொதித்தாலும் போகாது. அதனால் தேயிலை மலைக்குக் கீழே ஓடும் ஓடையில் எடுக்காமல், தேயிலைக்கு மேலே காட்டிலிருந்து வரும் பீலியில், அதாவது ஊற்றுநீர் விழும் இடத்தில், எடுங்கள், அல்லது மைதானத்துக் குழாய்த் தண்ணீரையே கொண்டுபோங்கள்.

காலம் எது? மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரிலும் மார்ச், ஏப்ரலிலும் பின்னேர இடிமழை. டிசம்பரில் வடகீழ் மழை கிழக்குச் சரிவைப் பிடிக்கும், ஹோட்டன் இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருப்பதால் அங்கேயும் ஈரமும் மூடுபனியும். உங்கள் பக்கத்துக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நல்லது, குளிர் கூடினாலும் காய்ந்திருக்கும். டிசம்பரில் மைதானத்தில் படுப்பதை ஏன் ஒப்புக்கொள்கிறேன் என்றால், மழை வந்தால் ஐந்து நிமிடத்தில் லயத்துக்கோ கழகக் கட்டடத்துக்கோ போய்விடலாம். இடிக்கு ஒரு கணக்கு உண்டு. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போங்கள், கடைசி முழக்கத்துக்குப் பிறகு அரை மணித்தியாலம் வெளியே வர வேண்டாம். தறப்பாள் மின்னலுக்குக் காப்பல்ல.

அட்டைக்குச் சவர்க்காரம், உப்பு, தேசிக்காய், தைலம் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எல்லாம் கொஞ்ச நேரம் வேலை செய்யும், மழையில் கரைந்து போகும். நெருக்கமாக நெய்த நீளமான சொக்ஸுக்குள் காற்சட்டையைச் செருகுவதுதான் நிலைத்தது. கடித்தால் நகத்தை வாய்ப்பக்கம் கொடுத்துத் தள்ளி எடுத்து, கழுவி, அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது விட்டுப்போவதால் வெகுநேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. படுக்கையைச் சுற்றி உப்போ வெள்ளைப்பூண்டோ கயிறோ போட்டால் பாம்பு வராது என்பதற்கு ஆதாரம் கிடையாது. இரவில் டோர்ச் இல்லாமல் கால் வைக்காதே என்ற பழக்கம்தான் காப்பு. கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், அசையாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சிறுத்தை தேயிலைக்குள் நடமாடுவது உண்மை, மனிதரைக் கண்டால் ஒதுங்கும் என்பதும் உண்மை. முகாமுக்கு நாயைக் கொண்டுபோக வேண்டாம், அது நாயைத் தேடித்தான் வரும். கழிப்பறைக்கு இருவராகவே போகச் சொல்லுங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். குளிர் ஒரு பிள்ளையைப் பிடிக்கிறது என்பதை எப்படி அறிவது? முதலில் நடுக்கம். அந்த நிலையில் உலர்ந்த உடுப்பும் இனிப்பான சூட்டுத் தேத்தண்ணியும் போதும். அடுத்து விரல் சொல்பேச்சுக் கேட்காது, ஊக்கைக் கழற்றத் தெரியாமல் தடவும். நடை தடுமாறும், பேச்சு குழறும், "எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று எரிந்து விழும். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால் அது ஆபத்து, சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஈர உடுப்பைக் கழற்றி, கீழே மெத்தையும் மேலே கம்பளியும் சுற்றி, தலையை மூடி, 1990க்கு அழையுங்கள். கைகாலைத் தேய்க்க வேண்டாம். விழுங்க முடிந்தால் மட்டும் குடிக்கக் கொடுங்கள். இரவு 11 மணிக்கும் 2 மணிக்கும் 4 மணிக்கும் பெரியவர் ஒருவர் எழுந்து ஒவ்வொரு பிள்ளையின் கழுத்தடியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கை விரல் குளிர்ந்திருப்பது சாதாரணம், கழுத்தடி குளிர்ந்திருந்தால் எழுப்புங்கள். இதை யார் எப்போது செய்வது என்று பெயர் போட்டுத் தாளில் எழுதி வையுங்கள்.

பெரியவர்கள் குறைந்தது நான்கு பேர், அதில் இருவர் பெண்கள். பெண் பிள்ளைகளின் அம்மாமாரைப் பின்னேரம் தறப்பாள் கட்டி முடித்ததும் வந்து பார்க்கச் சொல்லுங்கள், பார்த்த பிறகு சம்மதிக்காத அம்மாவை நான் கண்டது குறைவு. மைதானத்துக்குத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி எடுங்கள், கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லி வையுங்கள். பாடசாலை பெயரில் போவதென்றால் அதிபர் வழியாக வலயக் கல்வி அலுவலகத்துக்கும் போக வேண்டும். பக்கத்துப் பாடசாலையில் சாரணர் குழு இருந்தால் அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். இந்த நாட்டில் சாரணியம் 1912இல் தொடங்கியது மாத்தளையில், பெண் சாரணியம் 1917இல் கண்டியில். இரண்டுமே மலைநாட்டில் பிறந்தவை, ஆனால் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது மிகக் கொஞ்சம். உங்களைப் போன்றவர்கள் கேட்டு நடந்தால்தான் வரும்.

ஹோட்டனை விட்டுவிடச் சொல்லவில்லை. டிசம்பரில் மைதானத்தில் ஒரு இரவு, ஜனவரியில் அதே இடத்தில் இன்னொரு இரவு, பெப்ரவரியில் ஹோட்டன். அது 1988 முதல் தேசியப் பூங்கா. விரும்பிய இடத்தில் படுக்க முடியாது, வனஜீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய முகாமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், தறப்பாளும் அடுப்பும் அங்கே அனுமதிக்கப்படுமா என்று அப்போதே கேட்க வேண்டும். வாசலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், அதனால் உடுப்பைத் துணிப்பையில் கட்டுங்கள். மைதானத்தில் போட்டதற்கு மேல் இன்னும் ஒரு கம்பளி, ஆளுக்கு இன்னும் ஒரு சோடி உலர்ந்த சொக்ஸ். உலக முடிவு (World's End) என்ற செங்குத்து விளிம்புக்கு விடிந்ததும் நடந்துவிடுங்கள், நேரம் ஏற ஏற மூடுபனி வந்து பள்ளத்தை மறைத்துவிடும், அந்த விளிம்பில் பிள்ளைகளை மூடுபனியில் வைத்திருக்கக் கூடாது. மைதானம் போல் ஐந்து நிமிடத்தில் ஓடிப்போக அங்கே லயம் இல்லை. ஆகவே வானும் சாரதியும் இரவு முழுக்கப் பூங்காவுக்குள்ளேயே நிற்க வேண்டும், அதற்கான அனுமதியையும் பதிவு செய்யும்போதே சேர்த்துக் கேளுங்கள்.